சீமைச் சரக்கா, நாட்டுச் சரக்கா, வீட்டுச் சரக்கா?

டிசம்பர் பத்தாந் தேதி ஆச்சுன்னா நம்ம பனங்காட்டுப் பக்கம் மூணு கட்சி முளைக்கும். கொடி கிடையாது, சின்னம் கிடையாது, தலைவர் மட்டும் வீட்டுக்கு ஒருத்தர் உண்டு. துபாய், மஸ்கட்டுல இருந்து லீவுக்கு வந்து இறங்குதவன் சீமைக் கட்சி. “கிறிஸ்துமஸ் பரிசுன்னா ஃபாரின்தான், மத்ததெல்லாம் சும்மா”ம்பான். பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டிக்கிட்டு, லீவுக்கு வந்தா கம்பங்கூழைப் போட்டோ எடுத்துப் போடுதவன் நாட்டுக் கட்சி. “நம்ம ஊருப் பொருளை நாம வாங்கலன்னா யாரு வாங்குவா?”ன்னு கேப்பான். அப்ப அவன் கையில இருக்க போனு எந்த ஊருச் சரக்குன்னு நாம கேக்கப்படாது. மூணாவது, கைவேலைக் கட்சி. பசையும் கத்திரிக்கோலுமா உக்காந்திருக்க பிள்ளைகளும், “காசு மிச்சம்”னு பக்கத்துல நின்னு சந்தோசப்படுத அப்பன்மாரும் இதுல உறுப்பினர்.

மூணு கட்சியும் சண்டை போட்டு ஓஞ்சு, கடைசியில நம்ம திண்ணைக்குத்தான் வாராவ. “பாட்டையா, நீரு சொல்லும், எந்தச் சரக்கு ஒசத்தி?” சரக்கைப் பத்திக் கேட்டா எனக்கும் நாக்கு ஊறத்தான் செய்யும். ஏலே, காதைத் தீட்டாத. பரிசுச் சரக்கைச் சொல்லுதேன்.

மொதல்ல வேதத்துல இருந்து ஆரம்பிப்போம், இல்லன்னா நம்ம சபை ஐயருக்கு வருத்தம் வரும். மொத கிறிஸ்துமஸுக்கே மூணு கட்சியும் வந்தாச்சு. கீழ்த்திசைச் சாஸ்திரிமார் பொன்னு, தூபவர்க்கம், வெள்ளைப்போளம்னு கொண்டாந்தாவ. அசல் சீமைச் சரக்கு. சாஸ்திரிமார் மூணு பேருன்னு வேதத்துல எங்கயும் எழுதல, பரிசுதான் மூணு. நம்ம ஆளுதான் பரிசை எண்ணி ஆளைக் கணக்குப் போட்டுட்டான். இன்னைக்கும் கல்யாண வீட்டு மொய் நோட்டுல நாம அப்படித்தான ஆளை மதிக்கோம்? உள்ளூர் மேய்ப்பமாரும் வந்தாவ. அவிய கையில ஒண்ணும் கொண்டுவந்ததா எழுத்தில்ல. குடில் வைக்கையில அவிய தோள்ல ஆட்டுக்குட்டியைப் போட்டுவிட்டது நாமதான், வெறுங்கையோட நிக்க வச்சா நமக்கே வெக்கமா இருக்கும்லா. வீட்டுச் சரக்கு எதுன்னா, மரியாள் பிள்ளையைச் சுத்தி வச்ச துணி.

இப்ப நீயே சொல்லு. அன்னைக்கு ராத்திரி குளிருக்கு எது ஒதவிச்சு? துணிதான். சீமைச் சரக்கையும் நான் குறை சொல்லல. ராவோட ராவா எகிப்துக்கு ஓடுத ஏழைத் தச்சனுக்கு அந்தப் பொன்னுதான் வழிச்செலவுக்கு ஆயிருக்கும்னு எங்க காலத்து உபதேசியார் சொல்லுவாரு. ஆனா ஒண்ணைக் கவனி. சாஸ்திரிமார் பரிசைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டுச் சும்மா வந்திருக்கலாம். எருசலேம்ல நின்னு ஊரெல்லாம் விசாரிச்சு, அது ஏரோது காதுல விழுந்து, பெத்லகேம் பச்சைப் பிள்ளைகளுக்குக் கேடு வந்துச்சு. அதனால சீமைப் பரிசு கொண்டுபோறவன் வழி நெடுக விளம்பரம் பண்ணிட்டுப் போகப்படாது. மொத புத்திமதி இதுதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இது பொருந்தும்.

இந்தக் கதையில இருந்துதான் என் கணக்கும் வந்துச்சு. சரக்கு எந்த ஊருன்னு நான் பாக்கமாட்டேன். பொங்கலுக்குள்ள தீருமான்னு பாப்பேன். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் நடுவுல மூணு வாரம். அதுக்குள்ள தின்னு தீரணும், தேச்சுத் தீரணும், எரிஞ்சு தீரணும். தீராத பொருளா இருந்தா, புழங்கித் தேயவாவது ஆரம்பிச்சிருக்கணும். கண்ணாடி அலமாரிக்குள்ள போய்க் குந்திக்கிடுத பொருள் பரிசு இல்ல மக்கா, வாடகை கொடுக்காத குடித்தனம். காலி பண்ணச் சொல்லவும் முடியாது, கொடுத்தவன் அடுத்த வருசம் வந்து எட்டிப் பாப்பான்.

இந்தக் கணக்கை வச்சுச் சீமைக் கட்சிக்காரன் சூட்கேஸைத் திறப்போம். பெட்டி திறக்குத அன்னைக்குத் தெருவே வந்து நிக்கும். மூடியைத் தூக்கின ஒடன சோப்பும் சென்ட்டும் கலந்து ஒரு வாசனை அடிக்கும் பாரு, அந்த வாசனைக்கே பாதிப் பேருக்குக் கண்ணு சொக்கிரும். மேல துண்டு, அதுக்குக் கீழ சாக்லேட்டு, ஓரத்துல சுருட்டி வச்ச பேரீச்சம்பழம், டாங்கு, பால் பவுடர் டின்னு, மூலையில காலுறைக்குள்ள ஒளிச்சு வச்ச கோடாலித் தைலம். இதுல எது ஒசத்தி? கோடாலித் தைலந்தான். சிங்கப்பூர்ச் சரக்கு. எங்கள மாதிரி கிழடுக கையில சிக்குச்சுன்னா மூட்டுக்கு ஒரு தேய்ப்பு, நெத்திக்கு ஒரு தேய்ப்பு, வந்தவன் போனவனுக்கு ஒரு சொட்டு, பொங்கலுக்கு முன்னால குப்பி காலி. பால் பவுடரும் பாஸ். பேரப்பிள்ளை நக்கியே தீத்துருவான். சென்ட்டுதான் ஃபெயில். “நல்ல நாளைக்கு அடிக்கலாம்”னு பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுவாவ. நல்ல நாள் வரவே வராது. சென்ட்டு தானா ஆவியாப் போயிரும், குப்பி மட்டும் மகராசனா ஒக்காந்திருக்கும். கம்பளிப் போர்வையைப் பத்திப் பேசவே வேண்டாம். நம்ம தேரிக்காட்டுப் புழுக்கத்துல அதைப் போத்துனா அவிஞ்சுதான் எந்திரிக்கணும்.

சீமைக் கட்சிக்காரனுக்கு ஒரு விண்ணப்பம். கொடுக்குமுன்னே பொருளைத் திருப்பிப் பாரு. துபாய் கடையில வாங்கினேன்னு மச்சானுக்கு ஒருத்தன் டி-சர்ட் கொடுத்தான். மச்சான் கழுத்துப் பட்டியைப் பிரிச்சுப் படிச்சா, மேட் இன் இந்தியா. திருப்பூர்ல தச்சு, கப்பலேறி, அங்க போய் வெயில் காஞ்சு, விமானத்துல திரும்பி வந்திருக்கு. அந்த டி-சர்ட் பாத்த ஊரை மச்சான் பாத்ததில்ல.

டவுன்ல ஃபாரின் பொருள் விக்குத கடையில வாங்குதவனும் அட்டையைத் திருப்பணும். இறக்குமதி பண்ணினவன் பேரு, விலாசம், என்ன விலைன்னு ஒட்டியிருக்கணும்னு சட்டம் இருக்கு. தின்பண்டம்னா கெடு தேதியையும் பாரு. துறைமுகத்துல இறங்குதப்பவே ஆயுசுல நூத்துக்கு அறுவது பங்கோ, இல்ல மூணு மாசமோ, ரெண்டுல எது கம்மியோ அதாவது பாக்கி இருக்கணும்னு உணவுத் துறை விதி. அது இறங்கின நாளுக்கு. கடைக்காரன் அலமாரியில அது எத்தனை பண்டிகை பாத்துச்சோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். “ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்”னு சாக்லேட்டுப் பெட்டியைக் கூவுதான்னா, ரெண்டும் சேந்தே சாகக் கிடக்குன்னு புரிஞ்சுக்கோ.

“நான் வரல பாட்டையா, பார்சல் அனுப்புதேன்”னு ஒருத்தன் போன் பண்ணினான். முன்ன, பரிசுன்னு எழுதி அனுப்பினா ஐயாயிரம் ரூபா வரைக்கும் தீர்வை கிடையாது. 2019 டிசம்பர்ல அந்த வாசலைச் சாத்திட்டாவ. வெளிநாட்டுல இருந்து தபால், கூரியர்ல வருத பரிசுல ராக்கிக் கயித்துக்கும் உயிர் காக்குத மருந்துக்கும் மட்டும் விலக்கு. மத்ததுக்கு முழுத் தீர்வை கட்டணும். சாஸ்திரிமார் இப்ப கூரியர்ல வெள்ளைப்போளம் அனுப்பினாவன்னா, யோசேப்பு கஸ்டம்ஸ் ஆபீஸ்ல ரசீது வாங்கிட்டுத்தான் முன்னணைக்குக் கொண்டுவரணும். பொன்னைப் பத்தி நான் வாயே திறக்கல.

பிள்ளைகளுக்குச் சீமை பொம்மை வாங்குதவன் இன்னொண்ணும் கேளு. பொம்மை இறக்குமதித் தீர்வை நூத்துக்கு 20 இருந்துச்சு. 2020-ல 60 ஆக்கினாவ, 2023-ல 70. அதோட 2021 சனவரியில இருந்து உள்நாட்டுப் பொம்மையோ வெளிநாட்டுப் பொம்மையோ ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கையால செய்யுத கைவினைஞருக்கும் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி புவிசார் குறியீடு வாங்கின பொருளுக்கும் மட்டும் விதிவிலக்கு. இத்தனை தீர்வை கட்டி, முத்திரை பாத்து வாங்கின பொம்மைக் காரைப் பிள்ளை என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும். காரைத் தள்ளி வச்சுட்டு அட்டைப் பெட்டிக்குள்ள ஏறி ஒக்காந்து “பாம், பாம்”னு ஓட்டுவான். கார் மூணு நாள்ல சக்கரம் கழண்டு கிடக்கும். அந்த வகையில பொம்மை என் கணக்குல பாஸ்தான், பொங்கலுக்குள்ள தீந்துரும்.

சரி, நாட்டுக் கட்சிக்காரன் சிரிக்கான் பாரு. தம்பி, சிரிக்காத, உன் முறைக்கு வாரேன். உன் வீட்டு வாசல்ல தொங்குத நட்சத்திரம் எங்க வாங்கினது? உள்ள பல்பு மினுங்குத பிளாஸ்டிக் நட்சத்திரம், பிளாஸ்டிக் மரம், வயித்தை ஆட்டிக்கிட்டுப் பாடுத கிறிஸ்துமஸ் தாத்தா, உலகத்துல இதுல பெரும்பங்கு சீனாவுல யீவுங்கிற ஒரே ஊருல இருந்துதான் வருது. முன்ன மூங்கில் சிம்பை வளைச்சு, கலர் தாள் ஒட்டி, உள்ள மெழுகுவத்தி வச்சு நாமளே கட்டுனோம். பாதி நட்சத்திரம் கேரல் பாட்டு முடியுமுன்னே பத்தி எரியும். இப்ப எரியுததில்ல, அது ஒண்ணுதான் முன்னேற்றம்.

நாட்டுக் கட்சிக்காரன் வாங்குத பரிசு எதுன்னு கேளு. உடன்குடிக் கருப்பட்டி. நல்ல பொருள், புவிசார் குறியீடு வாங்கின பொருள், எங்க அப்பன் பாட்டன் காச்சின பொருள். ஆனா அதை எங்க வாங்குதான்? மெட்ராஸ்ல குளிருத கடையில, பழுப்புக் காகிதத்துல சணல் கயிறு கட்டி, “இன்று காய்ச்சியது”ன்னு சீட்டு ஒட்டி வச்சதை வாங்குதான். ஏலே, மார்கழியில பதநீர் ஏது? மாசி பங்குனியில பாளை சீவ ஆரம்பிச்சு ஆடி ஆவணிக்குள்ள ஏத்தம் முடிஞ்சிரும். மழைக்காலத்துல எந்தப் பனையேறி மரத்துல ஏறுவான்? இப்பக் கிடைக்கது கோடையில காச்சி, சிரட்டையில ஊத்தி, பரண் மேல அடுப்புப் புகையில ஏத்தி வச்ச பழைய கருப்பட்டி. அதுதான் நல்லதும். புகை காட்டாம வச்சா மழை ஈரத்துக்குக் கசிஞ்சு வழியும். “இன்னைக்குக் காச்சினது”ன்னு மார்கழியில ஒருத்தன் சொன்னா, காச்சினது சீனிப் பாகாத்தான் இருக்கும். உடைச்சுப் பாரு. உள்ள மினுமினுன்னு சீனிப் பரல் தெரிஞ்சா வச்சுட்டு வந்துரு. வாயில போட்டா இனிப்போட லேசா ஒரு உப்புக் கரிப்பு வரணும். கலயத்துல தடவின சுண்ணாம்பும் எங்க மண்ணும் சேந்த ருசி அது. சணல் கயித்துல அது வராது.

பத்தமடைப் பாயும் அப்படித்தான். தாமிரபரணிக் கரைக் கோரையை ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு, நகத்தால கிழிச்சது மாதிரி மெலிசாக் கீறி, பத்தமடை முஸ்லிம் பெண்டுக தறியில ஒக்காந்து நெய்யுத பாய். நைசுப் பாயை மடிச்சா கைப்பெட்டிக்குள்ள அடங்கிரும். கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேரை நெசவுலயே போட்டுக் கொடுப்பாவ. இந்துக் கல்யாணம், கிறிஸ்தவக் கல்யாணம், துலுக்கக் கல்யாணம் எல்லாத்துக்கும் அதே பாய்தான், அதே கைதான். இவ்வளவு பெருமையுள்ள பாயை நம்ம தம்பி வாங்கி அவன் மேனேஜருக்குக் கொடுத்தான். மேனேஜர் என்ன பண்ணினாரு? கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிட்டாரு! படுக்கப் பின்னின பாயை நின்னுகிட்டுப் பாக்காவ. பாய்க்கு முதுகு சூடு பட்டாத்தான் பளபளப்பு ஏறும். சட்டத்துக்குள்ள கிடந்து அது காஞ்சு ஒடியத்தான் செய்யும்.

சுதேசிச் சரக்குன்னா எல்லாம் இந்த மண்ணுலயே பொறந்திருக்கணும்னு இல்ல மக்கா. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல குறியீடு கிடைச்சுது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லயே கிடைச்சுது. ஆனா கடலைங்கிறது தென்னமெரிக்காவுல இருந்து கப்பலேறி வந்த பயிர். தூத்துக்குடி மக்ரூன் இருக்கே, முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் போட்டு அடிச்சு, கூம்பு கூம்பாப் பிழிஞ்சு, இளஞ்சூட்டுல வேகவைக்கது, அதுல முந்திரியே போர்ச்சுக்கல்காரன் பிரேசில்ல இருந்து கொண்டுவந்த மரம். மக்ரூன் செய்முறையும் கப்பல் வழி வந்ததுதான். இன்னைக்கு அதைத் தூத்துக்குடிச் சரக்கு இல்லன்னு சொல்லிட்டு நீ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பத்திரமா வந்துருவியா?

கேக்குக் கதை இன்னும் ருசி. 1883-ல தலச்சேரியில மர்டாக் பிரவுன்னு ஒரு தோட்டக்கார துரை, சீமையில இருந்து கொண்டாந்த பிளம் கேக்கை மாம்பள்ளி பாப்புங்கிற பிஸ்கோத்துக் கடைக்காரர்ட்ட கொடுத்து, “இதே மாதிரி செய்யும்”னாராம். பிராந்தி ஊத்தணும்னு சொல்லியிருக்காரு. பாப்பு என்ன பண்ணினாரு? பக்கத்துல கிடைச்ச கொல்லாம்பழச் சாராயத்தை ஊத்திப்பிட்டாருன்னு சொல்லுவாவ. துரை தின்னுட்டு, பிரமாதம்னு இன்னும் ஒரு டசனுக்கு ஆர்டர் கொடுத்தாராம். ஆக, நம்ம நாட்டுக் கேக்குக்கே மூல காரணம் நாட்டுச் சரக்கு. இதை ஐயர் முன்னால நான் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாத.

நாகர்கோவில், இடையன்குடிப் பக்கம் பெண்டுக நூல்ல லேஸ் பின்னுவாவ. தலைகாணி மேல ஊசிகளைக் குத்தி, நூல் சுத்தின குச்சிகளை இப்படியும் அப்படியும் உருட்டி, பூவும் கொடியுமா எடுத்துருவாவ. அந்த வித்தை சீமை வித்தை. 1820-கள்ல நாகர்கோவில் மிஷன் பள்ளியில மால்ட் துரைசாணியம்மா சொல்லிக் கொடுத்தது. அவிய மகள் எலைசா, கால்டுவெல் ஐயருக்கு வாழ்க்கைப்பட்டு இடையன்குடிக்கு வந்தப்ப வித்தையும் கூடவே வந்துச்சு. பெறவு இங்க பின்னின லேஸை வெள்ளைக்காரச் சீமையிலயே வெல கொடுத்து வாங்கினாவ. சீமையில இருந்து வந்தது நாட்டுச் சரக்காகி, வீட்டுத் திண்ணையில பின்னி, திரும்பச் சீமைக்கே போயிருக்கு. இதை எந்தக் கட்சியில சேப்ப? அதான் சொல்லுதேன், எந்த ஊருச் சரக்குன்னு பாக்கப் போனா உனக்குத் தலைவலிதான் மிச்சம். அதுக்குக் கோடாலித் தைலம் தேடணும்.

இப்ப கைவேலைக் கட்சிக்கு வருவோம். நல்ல பிள்ளைக மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு இருக்கதும் இவியதான், ஆபத்தானவியளும் இவியதான். எங்க தெருப் பிள்ளை ஒண்ணு “நானே செஞ்சேன் பாட்டையா”ன்னு பளபளன்னு ஒரு தட்டு கொடுத்துச்சு. உள்ள காஞ்ச பூ அடைச்ச ரெசின் தட்டு. காப்பி டம்ளர் வைக்கவாம். “எதுல செஞ்ச தாயி?”ன்னேன். அச்சு, ரெசின், பூ, தங்கத்தூள் எல்லாம் ஒரு பெட்டியா ஆன்லைன்ல வந்துச்சாம். பெட்டி விலைக்கு அந்தத் தட்டுல வைக்க வருசம் பூராவும் காப்பி வாங்கலாம். எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா சீனா. ஆக, சீமைச் சரக்கை வாங்கி, வீட்டுல கலக்கி, வீட்டுச் சரக்குன்னு பேரு. டம்ளர் வைக்கலாமான்னா, “சூடா வைக்காதீங்க பாட்டையா, இளகிரும்”னுச்சு. ஆறின காப்பிக்கு எதுக்கு தாயி தட்டு?

இன்னொரு வகை இருக்கான், அப்பன்மார். “எங்க வீட்டுல செஞ்ச பலகாரம் சார், எல்லாம் ஹோம்மேட்”னு ஆபீஸ்ல டப்பாவை நீட்டுவான். ஏ மகராசா, செஞ்சது யாரு? முந்திரிக்கொத்து செஞ்சு பாத்திருக்கியா? சிறுபயறை மணம் வரும்படி வறுத்து, தோல் நீக்கி, கரகரன்னு திரிக்கணும். தேங்காயைத் துருவிப் பொன்னிறமா வறுக்கணும். கருப்பட்டியைக் காச்சி வடிகட்டி, பாகு பதம் பாத்து, சுக்கு ஏலக்காயோட பயத்தமாவைக் கொட்டிக் கிண்டணும். ஆறவிட்டா உதிரும், அதனால கை பொறுக்காத சூட்டுலயே உருண்டை பிடிக்கணும். பிடிக்கப் பிடிக்க உள்ளங்கை சிவந்து போகும். உருண்டையை ராத்திரி உலரவிட்டு, மறுநாள் மஞ்சப்பொடி போட்ட பச்சரிசி மாவுல மூணு மூணா முக்கி, கொத்தா எண்ணெயில விடணும். விரல் சட்டிக்கு எவ்வளவு கிட்டப் போகும்னு நின்னு பாரு. அதுக்குப் பெறவு அச்சுமுறுக்கு. அச்சை எண்ணெயில போட்டு நல்லாச் சுட வைக்கலன்னா மாவு ஒட்டாது. அளவுக்கு மேல சுட்டாலும் மாவு கழண்டு விழும். மாவுல முக்காப்பங்குக்கு மேல முக்குனா பூ அச்சை விட்டு வராது. இத்தனையும் அந்த அம்மா அடுப்படியில வேர்த்து ஊத்திச் செஞ்சிருக்கா. அப்ப நீ என்ன செஞ்ச? டப்பா மூடியை மூடின. அதுவும் சரியா மூடல, நமுத்துப் போச்சு.

அதனால வீட்டுச் சரக்குக்கு என் சட்டம் இதுதான்: கொடுக்குதவன் கை சுட்டிருக்கணும். கை சுடாதவன் கடையில வாங்கிக் கொடுக்கட்டும், அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. வீட்டுல திராட்சை ஒயின் போடுதவியளுக்கு ஒரு வார்த்தை: பரணியை எங்க வச்சிருக்கியன்னு என்ட்ட மட்டும் சொன்னா போதும்.

மூணு கட்சிக்கும் பொதுவா ஒரு சாபம் உண்டு, அதுதான் சுத்துப் பரிசு. எங்க பக்கத்துல ஒரு டின்னர் செட்டு, மெஞ்ஞானபுரத்துல ஞானஸ்நான வீட்டுல பொறப்பட்டு, நாசரேத்துல கல்யாணத்துக்கு மொய்யாப் போயி, சாயர்புரத்துல வீடு பிரதிஷ்டைக்கு இறங்கி, கிறிஸ்துமஸுக்குத் திரும்ப மெஞ்ஞானபுரத்துக்கே வந்து சேந்துச்சு. மேல சுத்தின கலர் தாளைக்கூட யாரும் பிரிக்கல. ஊழியத்துக்கு ஐயரும் அவ்வளவு ஊரு சுத்தியிருக்கமாட்டாரு. ஆபீஸ்ல, காலேஜ்ல நடக்குத கிறிஸ்மாம் கிறிஸ்சைல்ட் விளையாட்டும் இந்தச் சாபத்துக்குத் தண்ணி ஊத்துது. சீட்டு குலுக்கி, யாருக்கு யாருன்னு ஒளிச்சு வச்சு, கடைசி நாள் எல்லாரும் ஒரே கடைக்குப் போய், போட்டோ அச்சடிச்ச கோப்பையை வாங்கி ஆளுக்கு ஒண்ணு கொடுத்துக்கிடுதாவ. தன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே காப்பி குடிக்கணும்னு எவனுக்கு ஆசை இருக்கு? கண்ணாடி பாக்கவே எனக்கு மனசு வரல.

கேலி போதும், ஒரு காரியம் சொல்லுதேன். 2023 டிசம்பர் 17, 18, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில நம்ம தூத்துக்குடி, நெல்லைச் சீமையில ஊத்தின மழையை நீங்க மறந்திருக்கமாட்டிய. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வீட்டுக்குள்ள வந்துச்சு. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில், ஸ்ரீவைகுண்டத்துல சுமார் 800 பேரோட மாட்டிக்கிட்டுச்சு. தண்டவாளத்துக்குக் கீழ மண்ணு அரிச்சுப் போச்சு. பக்கத்து ஊர் ஜனங்க, அவிய வீட்டுலயே தண்ணி நிக்கையில, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாவ. அந்த வருசம் நம்ம பக்கம் கைமாறின பரிசெல்லாம் பாய், போர்வை, ரொட்டி, மெழுகுவத்தி, காஞ்ச துணி, குடிதண்ணி. தூரத்து ஊருல இருந்து லாரியில வந்தது, பக்கத்துத் தெருவுல பொங்கினது, வெளிநாட்டுல இருந்து பிள்ளைக காசு அனுப்பி வாங்கினது, எல்லாம் கலந்து வந்துச்சு. எந்த ஊருச் சரக்குன்னு ஒருத்தரும் கேக்கல. ஒண்ணும் மிச்சமும் இல்ல, பொங்கலுக்கு முன்னாலயே எல்லாம் தீந்துபோச்சு. என் கணக்கு சரிதான்னு எனக்குத் தைரியம் வந்தது அப்பத்தான்.

இனி ஆளுக்கு ஆள் தீர்ப்பு, எழுதிக்கிடுங்க. மாமனாருக்குச் சீமைக் குப்பி எதுவும் வேண்டாம், எந்தக் குப்பியைச் சொல்லுதேன்னு உனக்கே தெரியும். அவருக்குக் கோடாலித் தைலமும் பழைய கருப்பட்டியும் கொடு. மாமியாருக்குப் பாய் வாங்கினா, “படுக்கத்தான் அத்தை, மாட்டுததுக்கு இல்ல”ன்னு அங்கயே விரிச்சுக் காட்டிட்டு வா. பிள்ளைகளுக்கு முத்திரை பாத்துப் பொம்மை வாங்கு, கூடவே மணப்பாட்டுப் பெண்டுக முடையுத ஓலைப் பெட்டியும் ஒண்ணு கொடு, பொம்மை உடைஞ்ச பெறவு துண்டுகளைப் போட்டு வைக்க ஆகும். ஐயருக்கு யாரும் இன்னொரு சுவர்க் கடிகாரம் கொடுக்காதிய. அவர் வீட்டுல எல்லாச் சுவத்துலயும் மணி அடிக்குது, அப்படி இருந்தும் பிரசங்கம் நேரத்துக்கு முடியுததில்ல. ஒரு மூடை அரிசி கொடுங்க, அது தீரும். பனையேறிக்குக் கொடுக்கணும்னா பரிசு ஒண்ணும் வேண்டாம், பங்குனியில வந்து பேரம் பேசாம கருப்பட்டி வாங்கு. வீட்டுக்காரிக்கு என்ன கொடுக்கன்னு கேக்குதவன், இந்த வருசம் முந்திரிக்கொத்து உருண்டையை நீ பிடி. கை சுட்டா தைலம் நான் தாரேன், குப்பியில இன்னும் கொஞ்சம் கிடக்கு. பொங்கலுக்குள்ள வந்து வாங்கிக்கோ.